சில்வர் மணிக்கூடு

அவர் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சில்வர் என்றுதான் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குச் சாப்பாட்டுத் தட்டும் சில்வர், தண்ணீர்ச் செம்பும் சில்வர். மஞ்சளாக இல்லாமல் மினுங்கும் எதுவும் சில்வர்தான். அவர் யாரையும் திருத்துவதில்லை. "ஓம், சில்வர்தான்" என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மணிக்கூட்டின் முகப்பைச் சுற்றியிருந்த வளையத்தைப் பெருவிரலால் ஒரு சொடுக்குத் திருப்புவார்.

அவரைப் பற்றி எழுத நினைத்ததும் என் பழக்கப்படி முதலில் ஒரு வரிசைதான் மனதில் வந்தது. கதவோரம் துருப்பிடித்த கார். மூடி சரியாக மூடாததால் ரப்பர் பட்டி போட்ட சாப்பாட்டுப் பெட்டி. பைத் தையல் விட்டுப்போன குளிர்கோட். மணிக்கூடு. முதல் மூன்றையும் பார்த்தவர்கள் நான்காவதையும் அதே வகையில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் நீண்ட காலம் அப்படித்தான் சேர்த்திருந்தேன்.

அவர் என் பள்ளித்தோழி டிலானியின் தகப்பன். நகரத்தில் எங்கள் ஆட்கள் குடியேறிய பார்க் எக்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். நான் படிப்பை முடித்ததும் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விமான உதிரிப்பாகங்களை உலையில் சூடாக்கிப் பதப்படுத்தும் இடம். உலைகள் காட்டும் வெப்பம் சரிதானா என்று சோதிப்பது என் வேலை. அவர் அங்கே ஸ்ரோரில், பொருட்களைக் காத்துக் கொடுக்கும் களஞ்சியத்தில், பல வருடங்களாக வேலை செய்தார். காலையில் நான் அவருடைய காரில் போவது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் என்னைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள். நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். என் இடம் பின் சீட்டு. முன் சீட்டில் ராசன் அண்ணை இருப்பார். அதே தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் வேலை செய்தவர்.

ராசன் அண்ணை உடம்பில் எங்கெங்கே பவுண் போட முடியுமோ அங்கெல்லாம் போட்டிருந்தார். சங்கிலி, கைச்சங்கிலி, இரண்டு மோதிரம், கோப்பைத் தட்டு அளவில் ஒரு மஞ்சள் மணிக்கூடு.

"அண்ணை, உந்தச் சில்வரை இன்னும் எத்தினை வருசம் கட்டப்போறியள்? பிள்ளைக்குக் கலியாணம் வருது. ஒரு பவுண் மணிக்கூடு வாங்கிக் கட்டுங்கோவன்."

"இது ஓடுதெல்லோ."

"ஓடுறதுக்கே மணிக்கூடு கட்டிறது? ஆக்கள் பாக்கிறதுக்கு." ராசன் அண்ணை தன் கையைக் கண்ணாடிப் பக்கம் நீட்டினார். "இஞ்சை பாருங்கோ. சிக்னலிலை பக்கத்துக் காரிலை இருக்கிறவனுக்கும் தெரியும்."

"ஓமோம். எனக்கே கண் கூசுது. கையை உள்ளை எடும், எங்கையாவது கொண்டுபோய் இடிக்கப்போறன்."

அவருடைய மணிக்கூட்டின் வளையம் இரண்டு பக்கமும் சுற்றும்; அதன் தொடக்கக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவிட்டால், பிறகு எத்தனை நிமிடம் போனது என்று வளையத்து எண்கள் காட்டும். பாய்ப்படகுப் பந்தயக்காரர்கள் நேரம் பார்ப்பதற்காகச் செய்ததாம். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் வளையத்தை அவர் சும்மா விட்டதில்லை. கார் நிறுத்தும் கட்டணம், ஊறவைத்த தேநீர், கோயில் பிரசங்கம், அவருடைய மனைவியான அன்ரி தன் தங்கையோடு ரெலிபோனில் கதைக்கும் நேரம், எல்லாவற்றையும் அதில் அளந்தார். ராசன் அண்ணை தன் மைத்துனர் லவாலில் வாங்கிய வீட்டைப் பற்றித் தொடங்கினால், ஸ்ரியரிங்கைப் பிடித்த கையில் மெல்ல ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். கதை முடிந்ததும் வளையத்தைப் பார்ப்பார். "இண்டைக்குக் கொஞ்சம் நீளம்" என்பார். எது நீளம் என்று ராசன் அண்ணை ஒருநாளும் கேட்டதில்லை.

மிக உயர்ந்த வெப்பத்தை அளப்பதற்குப் பிளாட்டினக் கம்பி வேண்டும். தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த கம்பி. மேசையில் கிடந்தால் துப்புரவு செய்பவர் கூட்டித் தள்ளிவிடுவார், அவ்வளவு சாதாரணமாக இருக்கும். அதனால் அதை ஸ்ரோரில் பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார்கள். எடுக்கும்போதும் வைக்கும்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்த இரண்டு பேர் அவரும் நானும்.

ஒருநாள் கம்பிச் சுருளை மேசையில் வைத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தோம். மேலே வெள்ளைக் குழல் விளக்கு. சுருளுக்குப் பக்கத்தில் அவருடைய மணிக்கட்டு. உருக்கு வெள்ளையில் ஒரு நீலம் உண்டு. தினமும் பார்க்கிறவளுக்கு அது தெரியும். மணிக்கூட்டின் பட்டியில் அந்த நீலம் இருந்தது. வளையத்தில் இருக்கவில்லை. வளையத்தின் நிறம் கம்பிச் சுருளின் நிறம்.

"அங்கிள், உங்கட மணிக்கூட்டின்ர வளையம் உருக்கில்லை."

"பின்னை?"

நான் சுருளைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவரின் சிரிப்பு. உடனே மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"பாரும். வடிவாப் பாரும். இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் கேக்கேல்லை."

நான் பார்த்தேன். வளையத்தின் தரை நுண்ணிய மணல் தூவியதுபோல மங்கலாக இருந்தது. அதிலிருந்து எண்கள் மேலெழும்பி, கண்ணாடிபோல மெருகேறி நின்றன. ஒரே உலோகம், ஒரே துண்டு. வெளிச்சம் தரையில் தங்காமல் எண்களில் மட்டும் தங்கியது. முகப்பு மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல். அதில் செக்கன் முள் மட்டும் மெல்லிய சிவப்பு. பட்டியின் கண்ணிகளுக்கு இடையில் நகம் நுழையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு சொடுக்கும் முந்தைய சொடுக்கைப் போலவே இருந்தது. நேரம் காட்டுவதில் அது என் கைப்பேசியைவிட ஒரு படி கீழேதான். அதையும் அந்த இடத்திலேயே நினைத்தேன். நினைத்தும், திருப்பிக் கொடுக்கக் கை உடனே நீளவில்லை. பொருள்கள் மேல் எனக்கு அப்படி வருவது குறைவு. அதனால் நினைவில் இருக்கிறது.

"முகப்பிலை பேர் கிடக்குத்தானே அங்கிள். எல்லாருக்கும் தெரிஞ்ச பேர்."

"ஓம், எல்லாரும் வாசிக்கினம். வாசிச்சுப்போட்டு டூப்ளிக்கேற் எண்டு நினைக்கினம். ராசன் ஒருக்கா எங்கை வாங்கினது எண்டு கேட்டவன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்திலை, தக்காளிப் பெட்டியளுக்குப் பின்னாலை ஒருத்தன் விக்கிறான் எண்டு சொன்னன். ரெண்டு சனிக்கிழமை போய்த் தேடினவன், பாவம்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை?"

மணிக்கூட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார். "பவுண் எண்டால் தெருமுனையிலையே தெரிஞ்சுபோகும். பேந்து கட்டியிருக்கிறவனுக்கு என்ன மிச்சம்? நீரும் ஒருத்தருக்கும் சொல்லாதையும், பிள்ளை. அன்ரிக்கும் தெரியாது. தள்ளுபடியிலை வந்தது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

வாங்கிய விதம் பற்றி அவர் சொன்னது வருடக்கணக்கான சனிக்கிழமை ஓவர்டைம் என்பது மட்டும். நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது அது மிக எளிதான வாக்காகத் தெரிந்தது.

இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டால் அவரைத் தவறாகப் புரிந்துகொள்வோம். நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது எனக்கு அது விளங்கியது. விருந்தாளிகளுக்கு மேசையில் இரண்டு விஸ்கிப் போத்தல்கள் வைத்திருந்தார். ஒன்று எல்லோரும் மதிக்கும் விலையுயர்ந்த போத்தல். மற்றது மூலைக் கடையில் கீழ்த்தட்டில் கிடைப்பது. உள்ளே இருந்ததை மாற்றி ஊற்றியிருந்தார். சமையலறையில் வைத்து அதை எனக்கு மட்டும் காதோடு சொன்னார்.

ராசன் அண்ணை பெரிய போத்தலில் இருந்து ஊற்றி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினார். "எப்பிடி இறங்குது பாருங்கோ. பட்டு."

"பட்டுத்தான்" என்றார் அவர்.

எல்லோரும் அந்தப் பட்டுப் போத்தலில் இருந்துதான் குடித்தார்கள். ஒரு மெலிந்த மனிதர் மட்டும், யாரோ ஒருவருடைய ஒன்றுவிட்ட சகோதரர், கூச்சத்தில் மலிவுப் போத்தலை எடுத்தார். குடித்துவிட்டுக் கிளாசைத் தூக்கிப் பார்த்தார். "இது நல்லாயிருக்கே" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு அங்கிள் அந்த மனிதரை விட்டு நகரவில்லை. கோழிக்கால் எடுத்து வைத்தார், குசன் கொண்டுவந்து கொடுத்தார், கடைசியில் வீட்டுக்கும் தானே கொண்டுபோய் இறக்கினார். மற்றவர்கள் ஏமாறுவது அவருக்குப் பிடித்திருந்தது. அதைவிட, யாராவது ஒருவர் ஏமாறாமல் இருப்பதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் தன்னோடு இருப்பவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

அன்ரி அந்தப் பாடு பட்டிருக்கிறார். டிலானிக்கு நகை பார்க்க நகரத்து நடுவில் ஒரு பெரிய கடைக்குப் போனபோது, அங்கிளின் கோட்டைப் பார்த்த விற்பனைக்காரப் பெண் அவர்களைக் கதவுப்பக்கக் கண்ணாடிப் பெட்டியோடு நிறுத்திவைத்தாளாம். இவர் மணிக்கட்டைக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டு அமைதியாக நின்றாராம். அந்தப் பெண் அதைப் பார்த்தாளாம், இவருடைய சப்பாத்தைப் பார்த்தாளாம், திரும்பிவிட்டாளாம். வெளியே வந்து தெருவில் இவருக்கு அடக்க முடியாத சிரிப்பு.

"இஞ்சருங்கோ, எங்களை ஒரு மனிசராயும் மதிக்கேல்லை, உங்களுக்கு என்ன சிரிப்பு?" என்று கேட்டதாக அன்ரி என்னிடம் சொன்னார். சொல்லும்போது அன்ரி சிரிக்கவில்லை.

டிலானி தன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டாள். அன்ரன், லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை, தாயோடு அதே ஊரில் ஒரு சிறிய தனி வீடு. அமைதியான பெடியன். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது அங்கிள் இரண்டு போத்தல்களையும் ஆயத்தமாக வைத்திருந்தார். அவன் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டான்.

"அதாலை ஒண்டும் பிடிபடேல்லை" என்று மறுநாள் காரில் அவர் எனக்குச் சொன்னபோது உண்மையாகவே கவலைப்பட்டார்.

எங்கள் ஆட்களில் மோதிரம் மாற்றும் நாளில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கட்டுவது வழக்கம். அது ஒரு சின்னக் காட்சி. பெட்டியைத் திறப்பார்கள், வீடியோக்காரர் கிட்ட வருவார், மணிக்கூடு கைமாறிக் கைமாறி மாமிமார் வரிசையைச் சுற்றிவரும், ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு விலை போடுவார்கள். டிலானி வீட்டு முன்னறையில் இரண்டு குடும்பமும் நெருக்கியடித்து இருந்தது. அங்கிள் எழுந்தார். எல்லோரும் பெட்டியை எதிர்பார்த்தார்கள். அவர் தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி, அன்ரனின் கையில் கட்டினார்.

வீடியோக்காரர் கமராவைத் தாழ்த்தினார்.

மாப்பிள்ளையின் தாய்தான் முதலில் வாய் திறந்தார். "இது நீங்கள் கட்டின மணிக்கூடெல்லோ?"

"ஓம்."

"புதுசு வாங்க நேரம் கிடைக்கேல்லைப் போல."

"இது நல்ல மணிக்கூடு" என்றார் அங்கிள். அன்ரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரன் மணிக்கூட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், "தாங்ஸ் மாமா" என்றான். வரிசையில் யாரோ முகப்பில் இருந்த பெயரை வாசித்தார்கள். பக்கத்தில் இருந்தவரின் காதில் "டூப்ளிக்கேற்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டால் டிலானிக்கும் கேட்டிருக்கும். அன்ரி சமையலறைக்குள் போனார். அன்றைக்கு அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

அடுத்த கிழமைகளில் நடந்தவற்றை டிலானி எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவள் அழுதுகொண்டு பேசுகிறவள் இல்லை. வார்த்தைகளுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"மாமி அம்மாவுக்குப் போன் அடிச்சு, எங்களை ஆர் எண்டு நினைச்சனீங்கள் எண்டு கேட்டவ. இப்ப என்ர நகையும் உண்மையோ எண்டு கேக்கினம். அண்டைக்கு அவையின்ர சொந்தக்கார மனிசி ஒண்டு, வடிவாக் கிடக்குப் பிள்ளை எண்டு சொல்லிக்கொண்டு என்ர சங்கிலியைக் கையிலை தூக்கி நிறை பாத்தது. என்ர கழுத்திலை கிடக்கேக்கையே."

"அங்கிளிட்டைக் கேட்டனியா?"

"கேட்டன். நல்ல மணிக்கூடு பிள்ளை எண்டுறார். அவ்வளவுதான். நீ ஒவ்வொரு நாளும் அவரோட போறாய். ஏன் இப்பிடிச் செய்தவர் எண்டு உனக்குத் தெரியுமே?"

நான் பதில் சொல்லுமுன் அவள் தொடர்ந்தாள். "கலியாணம் நடக்கும். அன்ரன் அப்பிடியான ஆளில்லை. ஆனால் நான் அந்த வீட்டுக்குள்ளை டூப்ளிக்கேற் மனிசன்ர மகளாத்தான் போவன். அதுதான் பிரச்சினை."

ராசன் அண்ணைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் காரில் நாங்கள் இருவரும் தனியாகப் போனோம். நான் முன் சீட்டில் இருந்தேன். அவருடைய மணிக்கட்டில் மணிக்கூடு இருந்த இடம் வெளிறிப்போயிருந்தது.

"அங்கிள், நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்."

"நீர் சொல்லமாட்டீர்."

"சொல்லுவன்."

அவர் கண்ணாடியைப் பார்த்துப் பாதை மாறினார். "பெடியன் கட்டிறானோ?"

"கட்டிறான். தாய் கழட்டச் சொல்லியும் கழட்டேல்லையாம்."

"பாத்தீரே." முகம் மலர்ந்துவிட்டது. "நான் நினைச்சனான். அவன் ஆள் சரி. என்னது எண்டு தெரியாமலே கட்டிறான் பாத்தீரே. தெரிஞ்சுகொண்டு கட்டிறதுக்கு ஆர்தான் இல்லை?"

"அவன் சரி. டிலானியின்ர சங்கிலியைக் கழுத்திலை வைச்சே ஒரு மனிசி நிறை பாத்திருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்தச் சங்கிலி?"

"அன்ரி தன்ர கலியாணத்துக்குப் போட்டது."

நெடுஞ்சாலையிலிருந்து நாங்கள் இறங்க வேண்டிய வெளிவழியை அவர் தவறவிட்டார். அத்தனை வருடங்கள் போன பாதை. அடுத்த வெளிவழி வரைக்கும் கார் போய், திரும்பி, களஞ்சியங்களின் பின்பக்கமாக வந்தது. தொழிற்சாலை வாசலில் நிறுத்தியபிறகுதான் வாய் திறந்தார்.

"எல்லாருக்கும் முன்னாலை கட்டினனான். எல்லாருக்கும் முன்னாலைதான் சொல்லவேணும். கலியாணத்தண்டைக்குச் சொல்லுறன். அதின்ர பெட்டி கிடக்கு, கடுதாசியள் கிடக்கு, எல்லாம் கொண்டு வாறன்."

"கட்டாயம்?"

"ஓம் பிள்ளை. வேண்டாம் எண்டு இருந்தது. இப்ப சொல்லத்தான் வேணும்."

அவருக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பது எனக்குத் தெரிந்தது. தன்னிடம் இருப்பதன் மதிப்பைத் தானே வாய் திறந்து சொல்வது என்பதை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. ராசன் அண்ணை தினமும் சிரமமில்லாமல் செய்யும் வேலை அது.

கல்யாணம் கோயிலில் முடிந்து, எல்லோரும் மண்டபத்துக்கு வந்தோம். அங்கிள் புதிதாக ஒரு கோட் தைத்திருந்தார். கையில் மரக்கறிக் கடைப் பிளாஸ்ரிக் பை. அதற்குள் ஒரு கனமான பெட்டி இருந்தது. பையை என்னிடம் தந்தார்.

"கேக் வெட்ட முதல் மைக்கை வாங்குவன். நான் கையைக் காட்ட நீர் இதைக் கொண்டு மேலை வாரும்." அவருக்கு வியர்த்திருந்தது. "என்னெண்டு தொடங்கிறது எண்டுதான் தெரியேல்லை. பெருமை அடிக்கிற மாதிரி இருக்குமோ?"

"இருக்காது."

"இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

நான் முன்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் மேடையேறியதும் அன்ரனே இரண்டடி முன்னால் வந்தான். தாய் பின்னால் வந்தார். டிலானி மாமியாரின் பக்கத்தில்.

"மாமா, ஒரு சப்றைஸ்" என்று அன்ரன் கையை நீட்டினான்.

மணிக்கூடு மஞ்சளாக இருந்தது.

அன்ரனின் தாயின் முகம் பூரித்தது. "என்ர தம்பிதான் செய்து தந்தவர். குளியலறைக் குழாய்களுக்குப் பவுண் முலாம் பூசுற இடத்திலைதான் வேலை. வளையத்தைக் கழட்டி, பட்டியைக் கழட்டி, கழுவித் துடைச்சு, குழாய்ப் பிடியளோட சேத்துத் தொட்டியிலை போட்டு எடுத்தவர். இப்ப பாருங்கோ, ஆராவது ஒரு சொல்லுச் சொல்லட்டும் பாப்பம். உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

அன்ரன் குரலைத் தாழ்த்தினான். ஆனாலும் எனக்குக் கேட்டது. "நீங்கள் கட்டினதை நான் கழட்டமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் மாமா. அம்மாவும் கொஞ்சம் கோவமாத்தான் இருந்தவ. பேந்து அவதான் இந்த யோசினை சொன்னவ. இப்ப எல்லாம் சரி."

நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். வளையத்தின் மங்கலான தரையும் மெருகேறிய எண்களும் ஒரே மஞ்சளாகியிருந்தன. எண்களின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. பட்டியின் கண்ணிகளுக்கு இடையில் பூச்சு திரண்டு நின்றது. சாம்பல் முகப்பு அத்தனை மஞ்சளுக்கு நடுவில் அழுக்குப்போலத் தெரிந்தது. பூச்சை எடுத்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை. ஆனால் எடுக்கச் சொல்வதற்கு ஒருவர் வாய் திறக்க வேண்டும்.

நான் பையோடு எழுந்துவிட்டேன். அவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு டிலானியைப் பார்த்தார். அவளுடைய மாமியாரின் கை அவள் தோளில் இருந்தது. அது மோதிரம் மாற்றிய நாளிலிருந்து இல்லாமல் போயிருந்த கை. டிலானி தகப்பனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறையாவது ஏதாவது சொல்லுங்கோ அப்பா என்ற பார்வை.

அவர் என் பக்கம் உள்ளங்கையைக் காட்டி, மெல்லக் கீழே இறக்கினார். நான் உட்கார்ந்தேன்.

அன்ரனின் மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். "நல்ல வடிவாச் செய்திருக்கு" என்றார். அது போதாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கே என்று கேட்டார். கூட்டத்தில் இருந்து தடித்த, வெட்கப்பட்ட ஒருவரை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"உங்கட கைவேலையோ?"

"சின்ன வேலைதான் அண்ணை. வளையம்தான் கொஞ்சம் கரைச்சல் தந்தது. பூச்சுப் பிடிக்க மாட்டன் எண்டு நிண்டது. என்ன இரும்போ தெரியாது."

"மலிவு இரும்பு" என்றார் அங்கிள். "நீங்கள்தான் அதை ஒரு மணிக்கூடாக்கி இருக்கிறியள். நான் அப்பிடியே கட்டிவிட்டது பிழை. அவசரத்திலை யோசிக்கேல்லை." அதை எல்லோருக்கும் கேட்கும்படி, மைக் வாங்காமலே, சம்பந்தியின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாய் "அதுக்கென்ன, நாங்கள் வேறை ஆக்களே?" என்றார். டிலானி மூச்சு விட்டாள். என் இடத்திலிருந்து அது தெரிந்தது.

எனக்குப் பின்னால் ராசன் அண்ணை பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் வருசக்கணக்காச் சொன்னனான். மனிசன் கேட்டால்தானே."

படமெடுப்பவர் இரண்டு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தினார். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கைமேல் இருக்க வேண்டும் என்றார். அன்ரன் வைத்தான். கோட்டுக் கை இறங்கி மணிக்கூட்டை மூடிக்கொண்டது. படமெடுப்பவர் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அப்போது அங்கிள் வரிசையை விட்டு வெளியே வந்தார். மருமகனின் கோட்டுக் கையைத் தன் விரல்களால் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலே இழுத்து, மடிப்பில்லாமல் சரிசெய்தார்.

"கொஞ்சம் வெளியிலை விடும் தம்பி" என்றார். "எல்லாருக்கும் தெரியட்டும்."